தேய்மானம் வேறு, சேதம் வேறு: துளை விழுந்த ஓர் இருபது காசு

பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கிடைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துச் செம்புக் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கம் இரண்டு சிங்கங்கள் கேடயத்தைத் தாங்கி நிற்கின்றன, கீழே வருடம். மறுபக்கம் பாரசீக எழுத்து, அதற்கு அடியில் ரோமன் எழுத்தில் இருபது காசு. மேல் விளிம்பை ஒட்டி ஒரு துளை, ஓரத்தில் ஒரு சொட்டை, எழுத்து இடுக்குகளில் பச்சை. காசின் தரத்தை ஒரு வியாபாரி ‘ஃபைன்’ என்றார், இன்னொருவர் ‘வெரி குட்’ என்றார், மூன்றாமவர் துளை விழுந்த காசுக்குத் தரமே கிடையாது என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். யாரை நம்புவது என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொன்று இருக்கிறது: புழங்கித் தேய்ந்த காசும் அடிபட்ட காசும் ஒன்றுதானா, இரண்டையும் ஒரே சொல்லால் அளக்க முடியுமா? இதற்கு விடை தெரிந்தால் அந்த மூன்று பேரும் ஏன் மூன்று விதமாகச் சொன்னார்கள் என்பது விளங்கிவிடும். மூவரில் யாரும் உங்களை ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை.

நான் பள்ளியில் படிக்கும்போது, பழைய மூர் மார்க்கெட் எரிவதற்கு முன், அங்கே நடைபாதையில் முதல் செம்புக் காசு வாங்கினேன். அதிலிருந்து இன்றுவரை கம்பெனிச் செம்பைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். வெள்ளியிலும் தங்கத்திலும் என் கண்ணை அவ்வளவாக நம்ப மாட்டேன். செம்பில் நம்புவேன்.

முதலில் காசு எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இது மெட்ராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரத்தில் மேத்யூ போல்ட்டன் நடத்திய சோஹோ நாணயச்சாலையில் அடித்தது. 1803, 1808 என்று இரண்டு வருடங்கள் இந்த வகையில் உண்டு. மெட்ராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு தங்க வராகன். ஆக உங்கள் கையில் இருப்பது கால் பணம். பாரசீக எழுத்து சொல்வது ‘இருபது காசு நான்கு ஃபலூஸ்’ என்பதுதான். ஆங்கிலத்தில் ‘கேஷ்’, பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்று இரண்டு பக்க வழக்கிலும் நிற்பது நம்முடைய ‘காசு’ என்ற சொல்தான். இந்தக் காசைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது சந்தோஷம் தரும்.

சோஹோவில் அடித்தது என்பது தரம் பார்க்கும்போது மிக முக்கியம். அங்கே நீராவி இயந்திரத்தில் அச்சடித்தார்கள். அதனால் காசு வட்டமாக இருக்கும், உருவம் நடுவில் விழுந்திருக்கும், ஒரு காசுக்கும் அடுத்த காசுக்கும் வித்தியாசம் குறைவு. நாயக்கர் காலத்துக் காசு அப்படி அல்ல. அது கையால் சுத்தியல் கொண்டு அடித்தது, அச்சு பெரிதாகவும் செம்பு வில்லை சிறிதாகவும் இருந்ததால் பாதி உருவம் காசுக்கு வெளியே போயிருக்கும். அதில் ஓரம் கோணலாக இருப்பது இயல்பு. உங்கள் காசில் ஓரம் கோணலாக இருந்தால் அது பின்னால் பட்ட அடி. எந்தக் காசு, எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் எது குறை, எது இயல்பு என்று பிரிக்கவே முடியாது.

இனி அசல் விஷயத்துக்கு வருகிறேன். செம்புக் காசில் உருவம் மங்கித் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஒன்று, கைமாறிக் கைமாறித் தேய்ந்தது. இரண்டு, அச்சடிக்கும்போதே அந்த இடம் சரியாக விழாதது. மூன்று, மண்ணோ ஈரமோ உப்போ அரித்தது. தரம் என்று உலகம் முழுவதும் நாணயக்காரர்கள் சொல்வது முதலாவதை மட்டும்தான்.

தேய்மானம் மேடான இடத்தில் தொடங்கும். விரலும் பையும் மற்ற காசுகளும் முதலில் உரசுவது அங்கேதான். உங்கள் காசில் சிங்கங்களின் தொடை, மார்பு, கேடயத்தின் நடுப்பகுதி ஆகியவை முதலில் வழவழப்பாகும். அப்புறம் பிடரி மயிர் போகும். அப்புறம் கீழே நாடாவில் உள்ள லத்தீன் வாசகத்தின் பொடி எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பள்ளமான இடங்கள், குறிப்பாக எழுத்தை ஒட்டிய மூலைகள், கடைசி வரை கூர்மையாகவே இருக்கும். ஆக, மேடு மழுங்கியிருந்து பள்ளம் கூர்மையாக இருந்தால் அது புழங்கித் தேய்ந்த காசு.

அரிப்பு மேடு பள்ளம் பார்க்காது. எழுத்தின் தலையையும் தின்னும், எழுத்துக்கு நடுவே இருக்கும் வெற்றுப் பரப்பையும் தின்னும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசியால் குத்தியது போலப் புள்ளிப் புள்ளியாகக் குழிகள் இருக்கும், எழுத்தின் ஓரம் எலி கடித்தது போல இருக்கும். சரியாக விழாத அச்சு இன்னொரு மாதிரி. ஓர் இடத்தில் உருவம் இருக்காது, ஆனால் பக்கத்தில் அதே உயரத்தில் இருக்கும் இடம் கூர்மையாக இருக்கும். தேய்மானம் அப்படி ஓர் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு உட்காராது. மங்கிய இடத்துக்கு நேர் பின்னால், மறுபக்கத்தில் என்ன இருக்கிறது என்றும் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் மேடாக இருந்தால் இரண்டையும் நிரப்புகிற அளவுக்குச் செம்பு போய்ச் சேராமல் இருந்திருக்கும்.

இதைப் பார்ப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கோ கைபேசி டார்ச்சோ எடுத்துக் காசுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு மேசையாகப் பிடியுங்கள். வெளிச்சம் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் கிடைக்கும். காசை மெதுவாகச் சுற்றுங்கள். நேர் வெளிச்சத்தில் வெறுமையாகத் தெரிந்த கேடயத்தில் கோடுகள் எழுந்து வருவதைப் பார்ப்பீர்கள். நீங்கள் அனுப்பிய படங்கள் இரண்டும் மேலே இருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தவை. அதில் எல்லாக் காசுமே உள்ளதைவிடத் தேய்ந்ததாகத்தான் தெரியும்.

அந்தப் படங்களை வைத்து நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. சிங்கங்களின் உருவக்கோடு முழுவதும் இருக்கிறது, உடம்புக்குள் விவரம் பெரும்பாலும் போய்விட்டது. கேடயத்தின் பிரிவுகள் தெரிகின்றன. மேலே கம்பெனியின் பெயரில் துளை விழுந்த இடம் தவிர மற்ற எழுத்துகள் வாசிக்க முடிகிறது. நாடா வாசகத்தில் பாதி எழுத்துகள் இருக்கின்றன. இந்தப் பக்கம் வெரி குட். பாரசீகப் பக்கம் முழுவதும் தெளிவாக இருப்பதால் ஃபைன் என்று சொல்லத் தோன்றும். அங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறும் எழுத்து மட்டும் உள்ள பக்கத்தில் தேய்மானம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. சிங்கத்தின் பிடரி போனால் கண்ணில் படும். எழுத்தின் தடிமனில் கொஞ்சம் குறைந்தால் யாருக்குத் தெரியும்? வாசிக்க முடிகிறது என்பதாலேயே தரத்தை ஏற்றிச் சொல்வது புதிதாகச் சேர்ப்பவர்கள் மட்டுமல்ல, பழகியவர்களும் செய்வதுதான். நான் எப்போதும் உருவம் உள்ள பக்கத்தை வைத்துத்தான் முடிவு செய்வேன். ஆகவே தேய்மானத்தை மட்டும் பார்த்தால் உங்கள் காசு வெரி குட், தாராளமாகச் சொன்னால் ஃபைனை எட்டிப் பார்க்கிறது. ‘வெரி குட்’ என்றதும் மிக நல்ல காசு என்று நினைத்துவிட வேண்டாம். நாணய வழக்கில் அது ஃபைனுக்கு ஒரு படி கீழே. அதற்கும் கீழே குட், ஃபேர். மேலே போனால் வெரி ஃபைன், எக்ஸ்ட்ரா ஃபைன், கடைசியில் புழங்காத காசு.

ஃபைன் என்றவரும் வெரி குட் என்றவரும் ஒரே காசுக்கு இரண்டு தரம் சொன்னது பெரிய முரண் அல்ல. ஒருவர் பாரசீகப் பக்கத்தைப் பார்த்திருப்பார், மற்றவர் சிங்கத்தைப் பார்த்திருப்பார். தவிர, பிரிட்டிஷ் வழக்கில் தரம் சொல்பவர்கள் அமெரிக்க வழக்கைவிடக் கண்டிப்பானவர்கள். பிரிட்டனில் ஃபைன் என்பது அமெரிக்காவில் வெரி ஃபைனாகப் போய்விடும். நம் ஊர் வியாபாரிகள் இரண்டையும் கலந்து பேசுகிறார்கள். அரை படி வித்தியாசத்துக்கு நான் யாரோடும் சண்டை போடுவதில்லை. இரண்டு படி வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேச வேண்டும்.

வருடத்தில் ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தீர்கள், கடைசி இலக்கம் 8 அல்லாமல் 3 ஆகவும் இருக்கலாமோ என்று. அந்த இலக்கத்தின் இடது பக்கத்தைப் பாருங்கள், வலது பக்கம் இரண்டிலும் ஒன்றுதான். 8 என்றால் இரண்டு வளையமும் இடது பக்கம் மூடியிருக்கும், உள்ளே இரண்டு தனித்தனிப் பள்ளங்கள் இருக்கும். 3 என்றால் அந்தப் பள்ளங்கள் இடது பக்கம் வெளியே திறந்து பரப்போடு சேர்ந்துவிடும். மேல்கோடு தேய்ந்து போனாலும் பள்ளத்தின் வடிவம் மிஞ்சும். சாய்ந்த வெளிச்சத்தை வலது பக்கத்திலிருந்தும் இடது பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். படத்தில் எனக்கு 8 போலத்தான் படுகிறது, ஆனால் சரியாக அந்த இடத்தில் பச்சை படிந்திருப்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

சேதத்துக்கு வருவோம். துளை என்பது பிறகு யாரோ வேண்டுமென்று போட்டது. குழந்தைக்கு அரைஞாணில் கோத்துக் கட்டவோ, கழுத்தில் கயிறு போட்டு அணியவோ செம்புக் காசைத் துளைப்பது நம் வீடுகளில் இருந்த வழக்கம். துளையின் ஓரம் மழுங்கி, ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் நீண்ட நாள் தொங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஓரம் கூராகவும் உள்ளே நிறம் வெளிறியும் இருந்தால் சமீபத்தில் போட்டது. இருபது காசு முப்பது மில்லிமீட்டரை ஒட்டிய அகலமும், ஒன்பது கிராமுக்குச் சற்று மேல் எடையும் உள்ள காசு. பக்கத்து நகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். துளைக்கும் தேய்மானத்துக்கும் கொஞ்சம் குறையும். மிகவும் குறைந்தால் அரிப்பு கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகம், அல்லது காசே சந்தேகத்துக்குரியது.

பச்சையைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். செம்பில் களிம்பு என்பது கூடவே பிறந்தது என்று சைவ சித்தாந்தத்தில் உவமை சொல்வார்கள். களிம்பிலும் இரண்டு வகை உண்டு. கெட்டியாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராத கரும்பச்சை தீங்கு செய்யாது. அது காசின் தோல், அதை விட்டுவிடுங்கள். மாவு போல, வெளிர் பச்சையாக, தொட்டால் உதிர்வது வேறு. செம்பில் ஏறிய குளோரைடு உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உள்ளிருந்து தின்றுகொண்டே போகிற நோய் அது. துடைத்தால் போகும், மழைக்காலத்தில் திரும்ப வரும். அந்தக் காசை மற்றக் காசுகளிடமிருந்து பிரித்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மூன்றாவதாக இன்னொரு பச்சையும் இருக்கிறது, பிசுபிசுவென்று ஒட்டுவது. அது மலிவான பிவிசி உறையில் காசை வைத்ததால் வருவது. சுத்தமான அசிட்டோனில் அது கரையும்.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று வீட்டில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். எலுமிச்சை, வினிகர், பித்தளை மெருகு பவுடர் எதுவும் வேண்டாம். அமிலம் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, மேல்தோலைக் கரைத்து அடியில் இருக்கும் இளஞ்சிவப்புச் செம்பை வெளியே கொண்டு வரும். குடத்துக்கு அது அழகு. காசுக்கு அது திரும்ப முடியாத நஷ்டம். அந்த நிறம் சில மாதங்களில் திட்டுத் திட்டாகக் கறுக்கும், தேய்த்த கீறல்கள் அப்படியே நிற்கும். மூர் மார்க்கெட்டில் வாங்கிய என் முதல் காசை அம்மாவின் சமையலறையில் புளி வைத்துத்தான் தேய்த்தேன். அது 1803 இருபது காசு, நல்ல சாக்லேட் நிறத்தில் இருந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது, அந்த நிறம் இல்லை. காய்ச்சி வடித்த நீரில் சில நாட்கள் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுப்பதைத் தாண்டி எதுவும் செய்யாதீர்கள். மண்ணை எடுக்கவேண்டும் என்றால் ரோஜா முள்ளோ, சீவிய மூங்கில் குச்சியோ போதும், லென்ஸுக்கு அடியில் வைத்து மெதுவாக.

இவ்வளவு சேதத்தையும் தரத்தோடு எப்படிச் சேர்ப்பது? இதற்கு ஒரு வழியை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் பழைய செம்புக் காசு சேர்ப்பவர்கள். 1793 முதல் 1814 வரையிலான அவர்களுடைய பெரிய செண்ட் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் போட்டார். கடைசி நிலையில் உள்ள காசு ஒரு பங்கு விலை என்றால் குறையே இல்லாதது 70 பங்கு என்பது அவர் கணக்கு. விலை உறவு பின்னால் உடைந்துவிட்டது, எண்கள் மட்டும் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டன. அதில் குட் 4, வெரி குட் 8, ஃபைன் 12, வெரி ஃபைன் 20. அந்தச் செம்புக் காசுக்காரர்கள் இரண்டு எண் சொல்வார்கள். முதலில் சேதம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு, உருவத்தின் கூர்மைக்கு மட்டும் ஓர் எண். பிறகு துளை, அரிப்பு, கீறல் எல்லாவற்றுக்கும் கழித்து நிகர எண். கூர்மை 10, நிகரம் 4 என்று எழுதினால் வாங்குபவருக்கு எல்லாம் புரிந்துவிடும். பெரிய தரச்சான்று நிறுவனங்கள் இப்படிக் கழிப்பதில்லை. தேய்மானத் தரத்தை எழுதி, பக்கத்தில் சேதத்தின் பெயரைப் போட்டுவிடுவார்கள்.

முதல் எண்ணில் பழகிய இரண்டு பேர் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள். கழிப்பதில் ஒத்துப்போக மாட்டார்கள், அங்கே ஒரு விதியும் கிடையாது. ஒரு துளைக்கு நான் பாதிக்கு மேல் கழிப்பேன், பெயரையோ வருடத்தையோ தின்றிருந்தால் இன்னும் கூட. வேறொருவர் நம் ஊரில் துளை சகஜம் என்று குறைவாகக் கழிப்பார். உங்கள் காசுக்கு என் கணக்கு கூர்மை 8 முதல் 10, நிகரம் 3 அல்லது 4. உங்கள் மூன்றாவது வியாபாரி செய்தது வேறொன்றும் இல்லை, இந்த நிகரம் தன் கடைக்குப் போதாது என்று சொல்லியிருக்கிறார்.

விலையைப் பற்றி நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். 1808 காசு அரிது அல்ல. மெட்ராஸுக்குக் கம்பெனிச் செம்புக் காசுகளை ஏற்றி வந்த அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து பல லட்சம் காசுகளை வெளியே எடுத்தார்கள், பத்துக் காசும் இருபது காசும். எல்லாம் 1808. பீப்பாய்களுக்குள் இறுகியிருந்ததால் பலவற்றில் சிங்கத்தின் பிடரி மயிர்கூட அப்படியே இருக்கிறது, வெளிப்புறத்தில் இருந்தவை கடல் உப்பில் அரித்திருக்கின்றன. புழங்காத காசே இவ்வளவு கிடைக்கும்போது துளை விழுந்த காசுக்கு ஒரு நல்ல சாப்பாட்டு விலைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் அந்தக் கப்பல் காசுகள் மெட்ராஸ் வந்து சேராதவை, ஒரு கடையிலும் ஒரு மடியிலும் புழங்காதவை. உங்கள் காசு இங்கே வந்து சேர்ந்து, உப்பும் வெற்றிலையும் வாங்கி, ஒரு குழந்தையின் இடுப்பில் தொங்கியிருக்கலாம். என்னைக் கேட்டால், கப்பல் காசு இரண்டைக் கொடுத்து உங்களுடையதை வாங்கிக்கொள்வேன். அது என் விருப்பம், சந்தை விலை அல்ல.

பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் அழைப்புகளை நம்பி முன்பணம் எதுவும் கட்டிவிடாதீர்கள். தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது. தரச்சான்றுக்காக வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. இந்தக் காசுக்கு அது தேவையும் இல்லை. கூடவே அனுமன் படம் போட்ட 1818 ‘கம்பெனிக் காசு’ ஒன்றும் பெட்டியில் இருந்ததாகச் சொன்னீர்கள். அது கம்பெனி அடித்தது அல்ல, பிற்காலத்து வில்லை. மெட்ராஸில் கம்பெனி தங்க வராகனில் பெருமாள் உருவத்தை அடித்தது உண்மை. அதனால்தான் இந்தக் கதையைப் பலர் நம்பிவிடுகிறார்கள்.

முடிந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாணயக் கூடத்துக்கு ஒரு நாள் போய் வாருங்கள், நல்ல காசுகளைப் பார்த்த கண்ணுக்குத்தான் தேய்ந்த காசில் என்ன போயிருக்கிறது என்று தெரியும். அதற்கு முன், எடையைப் பார்த்து எழுதுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம், ஓரத்தைச் சுற்றி ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓரத்தைப் பார்க்காமல் அடித்த காசா, வார்த்த போலியா என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். வார்த்ததாக இருந்தால் ஓரத்தில் மெல்லிய இணைப்புக் கோடு இருக்கும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பச்சை மாவு போல உதிர்கிறதா என்பதை மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள், மழை தொடங்கப் போகிறது.